கச்சேரியும் பல்கலைக்கழகமும்: பொது நிருவாகக் கல்வி பற்றிய ஒரு மதிப்பீடு

ஆறும் அருவியும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணற்று நீரை நம்பி நிலத்தைத் திருத்திய எம் முன்னோர், கல்வியையும் அத்தகையதொரு விளைநிலமாகவே கருதினர். அந்நிலத்தின் விளைச்சலிற் பெரும்பங்கு அரசாங்க உத்தியோகமாயிற்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும் என்னும் பழமொழி எம்மிடையே வழங்குவதற்கு வேறு காரணம் தேடவேண்டுவதில்லை. ஆயின், உத்தியோகத்தை இத்துணை விரும்பிய சமுதாயம், அவ்வுத்தியோகத்தின் தொழிலாகிய நிருவாகத்தை ஓர் அறிவுத்துறையாகக் கொண்டு ஆராய்ந்தது மிகக் குறைவு. உத்தியோகம் பெறும் வழியை வீடுதோறும் பேசினோம். பெற்ற உத்தியோகத்தை எங்ஙனம் நடத்துதல் வேண்டும் என்பதைப் பேசினோமல்லேம்.

இக்குறை பல்கலைக்கழகங்களாற் போக்கப்பட்டுவிட்டது என எண்ணுதல் இயல்பே. பொது நிருவாகம் என்னும் பாடம் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் அரசறிவியலின் ஒரு பிரிவாகவோ முகாமைத்துவக் கல்வியின் ஒரு பிரிவாகவோ கற்பிக்கப்பட்டு வருகின்றது. எனினும், பாடம் உளது என்பது வேறு. அது கற்பிக்கப்படும் முறை அதன் நோக்கத்துக்கு இயைந்துளது என்பது வேறு. இவ்விரண்டாவதனை மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். எந்த ஒரு கலாநிலையத்தையும் தனித்தெடுத்துக் குறைகூறுதல் எமது கருத்தன்று. இத்துறையிற் பரவலாகக் காணப்படும் கற்பித்தல் முறையொன்றே ஈண்டு விமரிசனத்துக்கு உரியதாகின்றது.

நிருவாகத்தைக் கற்றற்குப் பழைய காலத்திலிருந்த வழியை முதற்கண் நோக்குவோம். அவ்வழி கச்சேரியேயாம். பி. ஏ. டைக் என்பார் 1829 முதல் 1867 வரை வட மாகாணத்தின் அரசாங்க அதிபராயிருந்தார். அவருக்குப் பின்வந்த வில்லியம் துவைனம் 1869 முதல் 1896 வரை அப்பதவியை வகித்தார். இருவரும் தம் மாகாணத்தைத் தம் கையிற் கோடுபோல் அறிந்தவர்கள். குளம், வீதி, காணி, வரி என்பவற்றுள் அவர்கள் கண்ணுக்குத் தப்பியது சிறிதே. ஆயினும் அவர்கள் கற்றது அவர்களுடனேயே நின்றது. அவர்தம் முடிவுகளை வினவுதற்கு ஒருவரும் இருந்திலர். அவர்தம் அநுபவத்தைப் பொதுவிதியாக்கிப் பிறர்க்குக் கற்பித்தற்கும் ஒருவரும் இருந்திலர்.

இம்முறையின் குணமும் குற்றமும் ஒருங்கே விளங்கும் வரலாறு ஒன்றுண்டு. 1905ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, கேம்பிறிட்ஜில் கிரேக்க இலத்தீன் இலக்கியங்களைக் கற்ற இருபத்துநான்கு வயது இளைஞரொருவர் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பயிலுநராக வந்து சேர்ந்தார். பிற்காலத்திலே எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ப் என்பவரே அவர். மனுக்களை வாசித்தல், கோவைகளிற் குறிப்பெழுதுதல், ஊர்களைச் சுற்றிப் பார்த்தல், 1906இல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தல் ஆகிய யாவற்றையும் அவர் செய்தே கற்றார். ஒருநாள் நகரத்தின் பெருவீதியிலே குதிரைமேலிருந்து அவர் தம் சவுக்கினால் எதையோ சுட்டிக்காட்டினார். அவ்வழியே சென்ற வழக்கறிஞரொருவரை அவர் வேண்டுமென்றே முகத்தில் அடித்தார் என யாழ்ப்பாணத்துச் சங்கமொன்று தேசாதிபதிக்கு முறையிட்டது. வூல்ப் அக்குற்றச்சாட்டை மறுத்தார். யாரையும் தாம் அடிக்கவில்லை என்றார். ஆயின் 1961இல் வெளியான தம் சுயசரிதத்திலே அவர் அந்நிகழ்ச்சியை மீண்டும் எடுத்து ஆராய்கின்றார். அடித்தது பொய்யாயினும், அந்நகரத்து மக்களின் பெருவீதியிலே தாம் குதிரைமேல் ஆணவத்தோடு வீற்றிருந்தமையே அவர்கள் முகத்திலடித்ததற்கு ஒப்பாகும் என்னும் உணர்வுக்கு அவர் வருகின்றார்.

ஒரு நிருவாகி அறியவேண்டிய முதற்பாடத்தை அறிதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது என்பதை இங்கு உற்றுநோக்குதல் வேண்டும். கச்சேரி அவருக்குத் தொழிலைக் கற்பித்தது. தொழிலைப் பற்றிச் சிந்திக்கக் கற்பித்திலது. செய்கைக்கும் சிந்தனைக்கும் இடையேயுள்ள இந்நெடுங்காலத்தைச் சுருக்குதலே பல்கலைக்கழகம் ஒன்று நிருவாகத்துறைக்குச் செய்யக்கூடிய பெருந்தொண்டு. இவ்வளவுகோலைக் கொண்டே இன்றைய கல்வியை அளத்தல் தகும்.

பொது நிருவாகம் தனியொரு துறையாக எழுந்தமைக்கு 1887இல் அமெரிக்க அறிஞர் வூட்றோ வில்சன் எழுதிய கட்டுரையைத் தொடக்கமாகக் கூறுவது வழக்கம். தமிழகத்திலே சென்னைப் பல்கலைக்கழகம் 1937இல் இத்துறையிற் பட்டயக் கல்வியைத் தொடங்கியது. 1949இல் நாகபுரிப் பல்கலைக்கழகம் இதற்கெனத் தனித்துறை கண்டது. 1954இல் புதுடில்லியிலே இந்தியப் பொது நிருவாக நிறுவனம் அமைந்தது. இலங்கையில் 1942இல் தோன்றிய பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தராயிருந்த ஐவர் ஜெனிங்ஸ் அரசியலமைப்புச் சட்டத்தில் உலகறிந்த வல்லுநர். 1959இல் பல்கலைக்கழகமாகிய வித்தியோதய, இன்று ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகம் என வழங்குவது, பொது நிருவாகக் கல்வியைத் தனித்துப் பேணி வருகின்றது. 1963 மே மாதத்திலே பழைய சிவில் சேவை ஒழிக்கப்பட்டு நிருவாக சேவை தோன்றிற்று. அதன் உத்தியோகத்தர்களைப் பயிற்றுதற்கென 1966இல் அமைந்த கழகமே, 1982ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவகமாயிற்று. எம் குடாநாட்டிலோ, சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவரக் கல்லூரியின் திருநெல்வேலி வளவிலே 1974இற் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. அதுவே 1979 முதற் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

இவ்வளர்ச்சியில் ஒரு பிளவு மறைந்து கிடக்கின்றது. கொள்கையைப் பல்கலைக்கழகம் கற்பிக்கும். விதிகளையும் நடைமுறையையும் பயிற்சி நிறுவகம் கற்பிக்கும் என்னும் பகுப்பே அது. நிருவாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு எத்துறைப் பட்டதாரியும் தோற்றலாம். ஆதலாற் பொது நிருவாகம் பயின்ற மாணவனுக்கு அவன் பயின்றது தனிச்சிறப்பு ஒன்றையும் தருவதில்லை. பயிலாது வந்தவனோ தாபன விதிக்கோவையையும் நிதிப் பிரமாணங்களையும் கற்றுக்கொண்டு நாற்காலியில் அமர்கின்றான். முன்னவனிடம் விதி தீண்டாத கொள்கையும் பின்னவனிடம் கொள்கை தீண்டாத விதியும் நிற்கின்றன. இரண்டும் சந்திக்குமிடம் யாண்டும் இல்லை.

இனி, பல்கலைக்கழக வகுப்பினுள் நிகழ்வதை நோக்குவோம். பாடம் பெரும்பாலும் வரைவிலக்கணங்களோடு தொடங்குகின்றது. அறிஞர் ஐவரோ அறுவரோ கூறிய வரைவிலக்கணங்களை விரிவுரையாளர் சொல்ல மாணவர் எழுதுகின்றனர். பின்னர் மாக்ஸ் வெபர் கூறிய பணிக்குழுவின் இயல்புகள் வரும். ரெயிலரின் விஞ்ஞான முகாமை வரும். 1937இல் லூதர் கியூலிக் ஏழு தொழில்களின் முதலெழுத்துக்களைக் கோத்தாக்கிய சொல் வரும். இச்சொல்லை மந்திரம்போல் உருவேற்றாத மாணவன் இலன். ஆயின், அம்மந்திரத்தில் அடங்கிய கோட்பாடுகளை 1946இல் ஹேபேட் சைமன் ஒன்றோடொன்று முரணும் பழமொழிகள் எனக் கடிந்தார் என்பதும், அக்கண்டனத்தின் பின் இத்துறையின் போக்கே மாறியது என்பதும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களிலே ஒரு வரியாக ஒடுங்கிவிடுகின்றன. கற்பது அறிஞர்களுக்கிடையே நிகழ்ந்த வாதமாக இல்லை. அவர்தம் பெயர்ப் பட்டியலாக இருக்கின்றது. வெபரின் இயல்புகளை வரிசை பிறழாது எழுதவல்ல மாணவனை, பிரதேச செயலாளர்க்கும் பிரதேச சபைச் செயலாளர்க்கும் வேறுபாடு யாது என வினவின், அவன் தடுமாறுதல் கூடும். முன்னவர் மத்திய அரசின் உத்தியோகத்தர் என்பதும், பின்னவர் மக்கள் தேர்ந்த சபையொன்றின் உத்தியோகத்தர் என்பதும், இவ்வேறுபாட்டினின்றே எம் ஊர்களின் பாதிச் சிக்கல்கள் எழுகின்றன என்பதும் அவன் பாடத்துக்குப் புறம்பாயுள்ளன.

மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தாய்மொழியிலே பல்கலைக்கழகக் கல்வி வழங்கப்படுதல் எமக்குக் கிடைத்த பெரும்பேறு. கலைச்சொற்களும் பல ஆக்கப்பட்டுள்ளன. எனினும் சொல்லை ஆக்குதல் கருத்தை ஊன்றுதலாகாது. ‘தற்றுணிபு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. சட்டம் வரையறுக்காதவிடத்து உத்தியோகத்தர் தாமே ஆராய்ந்து முடிவுசெய்யும் அதிகாரத்தை அது குறிக்கும். சொல்லின் உறுப்புக்களை மாத்திரம் நோக்கும் மாணவன், தன் மனம் துணிந்தபடி செய்தல் என அதனைப் பொருள்கொள்வான். நிருவாகச் சட்டமோ இதற்கு மாறானதைக் கூறுகின்றது. நியாயம் காட்டக்கூடியதாயும், பொருந்தாத காரணங்களை விலக்கியதாயும், பாதிக்கப்படுவோனைக் கேட்ட பின் செய்யப்பட்டதாயும் அம்முடிவு இருத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை வரைவிலக்கணத்தால் உணர்த்தல் அரிது. ஓர் உண்மை நிகழ்ச்சியைக் காட்டின் ஒரு நாழிகையில் உணர்த்தலாம்.

பழைய பெருமைகளைப் பாடத்திற் சேர்த்தால் இக்குறை தீரும் என்பாரும் உளர். திருக்குறளின் பொருட்பாலையும், கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தையும், உத்தரமேரூர்க் கல்வெட்டையும் முதல் விரிவுரையிலே போற்றிவிட்டு, இரண்டாம் விரிவுரையில் அவற்றை மறந்துவிடுதல் வழக்கமாகிவிட்டது. இஃது அணியேயன்றி ஆராய்ச்சியன்று. உத்தரமேரூரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919ஆம் ஆண்டில் ஒரு விதியும், இரண்டாண்டு கழித்து 921இல் விரிவான மற்றொரு விதியும் வெட்டப்பட்டன. குடவோலையிற் பெயரிடப்படுதற்கு நிலமும் மனையும் கல்வியும் வேண்டும் என்றும், வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியற்றவர் என்றும் அவை கூறுகின்றன. முதல் விதியில் எக்குறை கண்டு இரண்டாண்டுக்குள் அதனைத் திருத்தினர்? உறவினரையும் ஏன் விலக்கினர்? நிலமில்லாதவன் யாரிடம் முறையிட்டான்? இவ்வினாக்களை எழுப்பின் அக்கல்வெட்டு உயிருள்ள நிருவாகப் பாடமாகும். எழுப்பாவிடின் அது பெருமைபேசும் கல்லாகவே நிற்கும்.

அங்ஙனமாயின் வேண்டுவது யாது? எம் மண்ணிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்ததோடு அவர் அமையவில்லை; மாணவர் நோயாளியின் அருகில் நின்று கற்கவேண்டும் என்பதையும் கைவிடவில்லை. நூலும் நோயாளியும் தமிழும் ஒருங்கு கூடியமையாலேயே அம்முயற்சி பயன்தந்தது. நோயாளியைக் காணாத மருத்துவக் கல்வியை எவரும் ஒப்பார். கோவையொன்றையேனும் காணாத நிருவாகக் கல்வியை மாத்திரம் நாம் ஒப்புவது எங்ஙனம்? அமெரிக்க நாட்டிலே 1952இல் ஹரல்ட் ஸ்ரைன் என்பார் உண்மை நிருவாக நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் பாடநூலாக வெளியிட்டார். அத்தகைய நிகழ்ச்சிகள் எம்மிடையும் மலிந்து கிடக்கின்றன. அவற்றுட் சிலவற்றை எடுத்துக்காட்டுதும்.

முதலாவது, தேசவழமை தொகுக்கப்பட்ட வரலாறு. ஒல்லாந்த தேசாதிபதி சிமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் முப்பத்தேழு ஆண்டு வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டு, அவர்தம் ஒப்புதலைப் பெற்றது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனைச் சட்டமாக வலியுறுத்தினர். ஆள்வோன் ஆளப்படுவோரின் வழக்கத்தைக் கேட்டறிந்து, அவர்தம் மொழியிலேயே சரிபார்த்தமை பாராட்டற்பாலது. ஆயின் மாணவன் மற்றொன்றையும் வினவவேண்டும்: கேட்கப்பட்டோர் யாவர்? பன்னிருவரும் மேனிலை மாந்தர். அத்தொகுப்பிலேயே அடிமைகளைப் பற்றிய விதிகள் உள. அடிமைகளை எவரும் கேட்டிலர். பெண்களின் உடைமையைப் பற்றிய விதிகள் உள; பெண்களையும் எவரும் கேட்டிலர். மக்களைக் கலந்தாலோசித்தல் என்று இன்று நாம் புகழும் முறையின் பயனும் எல்லையும் இவ்வொரு நிகழ்ச்சியினுள் அடங்கியுள்ளன.

இரண்டாவது, கோடீஸ்வரன் வழக்கு. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, அரசாங்க எழுதுவினைஞர் சிங்கள மொழித் தேர்ச்சி பெறல் வேண்டும் என 1961 டிசம்பரில் திறைசேரிச் சுற்றறிக்கையொன்று பிறந்தது. அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்த தமிழ் எழுதுவினைஞர் கோடீஸ்வரனுக்கு 1962இல் வருடாந்தச் சம்பளவேற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். அச்சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என 1964இற் கொழும்பு மாவட்ட நீதிமன்று அவர் பக்கம் தீர்த்தது. முடிக்குரிய ஊழியன் தன் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்காடல் ஒண்ணாது என 1967இல் உயர்நீதிமன்று அதனை மாற்றியது. வழக்காடலாம் என 1969இற் கோமறைக் கழகம் கூறி, அரசியலமைப்பு வினாவைத் தீர்க்கும்படி வழக்கைத் திருப்பியனுப்பியது. அவ்வினா தீர்க்கப்படுமுன் 1972இற் புதிய அரசியலமைப்பு வந்துவிட்டது. சட்டம், சுற்றறிக்கை, சம்பளப் பட்டியல் என்னும் மூன்று படிகளில் ஓர் அரசியற் கொள்கை எங்ஙனம் ஒரு மனிதனின் மாதச் சம்பளத்தை வந்தடைகின்றது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. வெபர் கூறிய ஆளைப் பாராத விதியாட்சி இங்கு நிகழ்ந்ததா, பிறழ்ந்ததா? இவ்வினாவுக்கு விடைதேடும் மாணவன் வெபரை மறவான்.

மூன்றாவது, சுன்னாகத்துக் கிணறுகள். சுண்ணக்கல்லின் கீழுள்ள நீரையன்றி வேறு நீரில்லாத குடாநாட்டிலே, அனல்மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டும் என 2019இல் உயர்நீதிமன்று தீர்ப்பளித்தது. சுற்றாடலைக் காப்பது ஓர் அதிகாரசபை. முதலீட்டுக்கு அனுமதி வழங்குவது ஒரு சபை. நீரை வழங்குவது ஒரு சபை. ஊர்ச் சுகாதாரத்துக்குப் பொறுப்பு மற்றொரு சபை. இத்தனை சபைகள் இருந்தும் கிணற்றுக்குப் பொறுப்பாளி யார் என்பதை நீதிமன்றிலே தேடவேண்டியதாயிற்று. ஒருங்கிணைப்பு என்னும் சொல்லுக்குப் பத்து வரைவிலக்கணங்களை எழுதுவதினும், இத்தீர்ப்பு ஒன்றை முற்றக் கற்றல் மேலாகும்.

நான்காவது எம் நெஞ்சைத் தொடுவது. போரிற் காணாமற்போனவரின் மனைவி ஒருத்தி அலுவலகத்துக்கு வருகின்றாள் எனக் கொள்வோம். கணவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு, காணி, பிள்ளைகளின் காரியம் ஆகிய யாவும் ஒரு பத்திரத்தை வேண்டி நிற்கின்றன. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அவளுக்கு மரணச் சான்றிதழ் பெறும் வழியைத் திறந்தது. அவளோ கணவன் இறந்தான் என ஒப்பமிட மனங்கொள்ளாள். ஒப்பமிட்டால் தேடும் உரிமையைத் தானே கைவிட்டதாகும் என அஞ்சுகின்றாள். பத்திரத்திலே இறந்தார் என்பதற்கு இடமுண்டு. அறியோம் என்பதற்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே, அவர் காணப்படவில்லை என்று மாத்திரம் கூறும் சான்றிதழுக்கு வழிசெய்தது. இடைப்பட்ட ஆறாண்டுகளிலும் அவள் துயரைப் பெருக்கியது கொடுமையுள்ளம் படைத்த ஓர் உத்தியோகத்தர் என்று கூறமுடியாது. ஒரு படிவத்தின் வெற்றிடமே அதனைச் செய்தது. இன்னும் ஒன்று: தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சொந்த அசையாச் சொத்தை விற்றற்கும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைக் கட்டளைச்சட்டம் விதித்தது. கணவன் இருக்குமிடம் தெரியாவிடின் மாவட்ட நீதிமன்றை நாடலாம் என்பதையும் அதுவே கூறுகின்றது. இதனை அவளுக்கு எடுத்துரைப்பார் யார்? பன்னிரு முதலிமார் ஒப்பிய வழக்கமும், 2010இல் அச்சிட்ட படிவமும் ஒரு பெண்ணின் கையிலே சந்திக்கின்றன. அச்சந்திப்பைக் காணத்தக்க கண்ணை மாணவனுக்கு அளிப்பதே நிருவாகக் கல்வியாகும்.

இக்கருத்துக்கு எதிராக மூன்று தடைகள் எழுப்பப்படலாம். பல்கலைக்கழகம் எழுதுவினைஞரைப் பயிற்றும் இடமன்று என்பது முதற்றடை. மெய்யே. படிவம் நிரப்பக் கற்பித்தல் பல்கலைக்கழகத்தின் வேலையன்று. அப்படிவம் ஏன் அவ்வாறு அமைந்தது என வினவக் கற்பித்தலே அதன் வேலை. ஆயின் படிவத்தைக் காணாதவன் அவ்வினாவை எழுப்புதல் இயலாது. கோவைகள் வெளியார்க்குக் கிடையா என்பது இரண்டாந்தடை. வழக்குத் தீர்ப்புக்களும் ஆணைக்குழு அறிக்கைகளும் பழைய அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புக்களும் எவர்க்கும் கிடைப்பன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பல கதவுகளைத் திறந்துள்ளது. அச்சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் எழுதுதலே மாணவர்க்கு முதற் பயிற்சியாகலாம். இத்தகைய நிகழ்ச்சிகள் அரசியல் வெப்பம் மிக்கன. ஆசிரியர்க்கு இடர் விளைக்கும் என்பது மூன்றாந்தடை. இதனை எளிதில் ஒதுக்குதல் நேர்மையன்று. ஆயின் தீர்ப்புக் கூறும்படி மாணவனை ஏவுதல் வேண்டுவதில்லை. நீ அவ்வுத்தியோகத்தராயின் கோவையில் யாது குறிப்பெழுதுவாய் என வினவுக. அடுத்த வாரம், நீ அம்மனுதாரராயின் அக்குறிப்புக்கு யாது விடையெழுதுவாய் என வினவுக. இருபுறமும் நின்று எழுதியவன் வெறுப்புப் பேசான், மழுப்பவும் மாட்டான்.

ஆதலின் சீர்திருத்தம் பெருஞ்செலவை வேண்டுவதன்று. முதலாவதாக, இருபதோ முப்பதோ உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்ட தமிழ்ப் பாடநூலொன்று வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூலப் பத்திரங்கள் இணைக்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, யாழ்ப்பாண மாவட்டத்தின் பதினைந்து பிரதேச செயலகங்களிலும் உள்ளூராட்சி மன்றங்களிலும் மாணவர் ஒரு தவணையேனும் அமர்ந்து கற்றல் வேண்டும். 435 கிராம அலுவலர் பிரிவுகளுள் ஒன்றையேனும் கால்நடையாக அறிதல் வேண்டும். அக்காலத்திலே, பழைய அதிபர்கள் எழுதியதுபோல் ஒவ்வொருவரும் நாட்குறிப்பு எழுதி, அதனை ஆசிரியர்முன் வாசித்து, வினாக்களுக்கு விடை கூறல் வேண்டும். வூல்ப்புக்கு அரை நூற்றாண்டு கழித்து வாய்த்த சிந்தனை இவர்க்கு அவ்வாரமே வாய்க்கும். மூன்றாவதாக, பரீட்சை மாறவேண்டும். பரீட்சை மாறாவிடின் வேறெதுவும் மாறாது. மாணவன் வினாத்தாளைப் பார்த்தே பாடத்தைப் படிக்கின்றான். வரைவிலக்கணம் தருக என்னும் வினாவுக்கு மாறாக, ஒரு மனு, ஒரு சுற்றறிக்கை, ஒரு சட்டப்பிரிவு ஆகிய மூன்றையும் கையிற் கொடுத்து, முடிவும் அதற்குக் காரணமும் எழுதுக எனக் கேட்டல் வேண்டும். நான்காவதாக, இளைப்பாறிய நிருவாகிகள் வகுப்புக்கு வருதல் வேண்டும்; விரிவுரையாளர் அலுவலகத்துக்குச் செல்லுதல் வேண்டும். ஐந்தாவதாக, மும்மொழியிலும் ஒரே சுற்றறிக்கையை ஒப்புநோக்கும் பயிற்சி வேண்டும். 1987இன் பதின்மூன்றாந் திருத்தத்தின்பின் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அவ்வுரிமை ஏட்டினின்று அலுவலக மேசைக்கு வருவது மொழிபெயர்ப்பின் செம்மையிலேயே தங்கியுள்ளது.

இவற்றாற் கொள்கையை நாம் தள்ளிவிடுகின்றோம் எனக் கருதற்க. நிகழ்ச்சிகளை மாத்திரம் கற்றவன் டைக்கையும் துவைனத்தையும்போல் தான் கண்டதற்குள் அடங்கிவிடுவான். கொள்கையே அவனைத் தன் மாகாணத்தின் எல்லைக்கு அப்பால் நோக்கச் செய்யும். ஆயின் விளக்கை இருளிடத்தே ஏற்றுதல் வேண்டும். வெபரும் சைமனும் ஏற்றிய விளக்கு எமது கச்சேரி விறாந்தையிலே ஏற்றப்படல் வேண்டும்.

எம் கல்லூரியினின்றும் ஆண்டுதோறும் வெளியேறும் மாணவருட் சிலர் பல்கலைக்கழகம் புகுந்து, நாளை அம்மேசைகளின் பின்னால் அமர்வர். அவர்முன் ஒருநாள் ஒரு முதியவரோ ஒரு கைம்பெண்ணோ, கைம்பெண் என்று கூறவும் ஒண்ணாத ஒருத்தியோ, மடித்த காகிதமொன்றை நீட்டுவர். அக்காகிதத்தை விதிக்குட்பட்டதா என்று மாத்திரம் பார்ப்பதும், அதனை நீட்டிய கையையும் பார்ப்பதும் கல்வியாற் பிறக்கும் வேறுபாடு. அவ்வேறுபாட்டை ஆக்கவல்ல கல்வியைத் தருதல் பல்கலைக்கழகங்களின் கடன். அதனைக் கேட்டுப் பெறுதல் எம் கடன்.